ஓடக்காரன் மூழ்கினான்

கதையில் ஒருவனைக் கொன்றாலும் கை நடுங்கத்தான் செய்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஓடக்காரனை நட்டாற்றில் மூழ்கடித்த பிறகு மருமகளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. காலையில் அத்தியாயம் இணையத்தில் ஏறிய நேரத்திலிருந்து ஃபோனைக் கீழே வைக்கவும் இல்லை.

அடுப்பில் பால் பொங்குவதற்குள் வசவு பொங்கிவிட்டது.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"ஓடக்காரனைக் கொன்ன கை விளங்குமா?"

"இனிமே இந்தக் கதையைத் தொட்டா நான் மனுஷனே இல்ல." இப்படிச் சபதம் போட்டவரே கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அடுத்தது எப்போது வரும் என்று கேட்டிருந்தார்.

இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாரா வாரம் ஒருவனோடு பழகிவிட்டால் அவன் நம் வீட்டு ஆள்தான். அவனைச் சாகடித்தவரைத் தேடிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தோன்றும். மருமகள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அவளுக்கு ஒரே ஒருவன் வந்து கேட்டால் போதும். மற்றவர்களின் வசவெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

இந்த வீட்டு வாசலில் இன்றுதான் வந்து நிற்கிறீர்கள் என்றால், வாருங்கள், ஓரமாக உட்காருங்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீட்டுக்கு ஒரே மகன். வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வந்ததில்லை என்பதால் நெட்டையன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழங்கதைகளைத் தன் போக்கில் மாற்றி, படக்கதையாக வரைந்து, வாரம் ஒரு அத்தியாயம் இணையத்தில் போடுவான். கோடு அவனுடையது. நிறம் அவன் மனைவியுடையது, அதாவது நம் மருமகளுடையது. மழைக்காலத்தில் ஒரு நாள் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வாய் முற்றியது. "டீத்தூள் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினவன் கிளம்பினவன்தான். ஃபோன் மேசைமேல் கிடந்தது. குடை கதவு மூலையில் நின்றது.

மூன்று அத்தியாயங்களை அவன் முன்கூட்டியே வரைந்து நாள் குறித்து வைத்திருந்தான். அவை தாமாக வெளிவந்தன. அது எப்படி என்று தெரியாத அவன் அம்மா, முதல் அத்தியாயத்தைப் பார்த்ததும் அலறினாள். "கதை வந்திருக்கு! என் புள்ள எங்கயோ உக்காந்து வரைஞ்சிட்டிருக்கான்!" பட்டினி கிடந்தவள் அன்றைக்குத்தான் தட்டில் கை வைத்தாள்.

மருமகள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூன்றும் தீர்ந்த வாரம், கணவனின் நாற்காலியில் உட்கார்ந்து நாலாவதை அவளே வரைந்தாள். அவன் கோடு அவளுக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவள் கைவேலைதான். "உனக்கே சொல்லாம அவனே கலரும் அடிச்சுக்கறானா?" என்று மாமியார் கேட்டபோது, "ஆமா போல இருக்கு அத்தை" என்றாள். அது தப்பா சரியா என்று இந்தத் தொடரைப் படிக்கும் உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஆனால் போன வாரம் அவளுக்குத் தெரியவந்த ஒன்று இரண்டு கட்சியையும் வாயடைக்க வைக்கும். கணவனைக் காணோம் என்று கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று காவல் நிலையத்தில் போய்க் கேட்டாள். அங்கிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மாமியார் வந்து ஃபோன்ல காட்டிட்டுப் போனாங்களேம்மா. அவர்தான் வாரா வாரம் படம் போட்டுட்டிருக்காராமே. பெரிய ஆளு, கோவிச்சுட்டுப் போயிருக்காரு, கோவம் தணிஞ்சா வருவாரு. நாங்க தேடறதை அப்பவே நிறுத்தியாச்சு."

நெட்டையனைத் தேடாமல் விட்டது போலீஸ் அல்ல. அவள்தான்.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் ஓடக்காரனைக் கொல்வது என்று முடிவு செய்தாள்.

காரணம் இருந்தது. அவர்கள் கதையில், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லாரும் ஓர் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கரையில் பாதை கிடையாது. திரும்பி வர ஒரே படகு, அதை ஓட்ட ஒரே ஆள். பழைய கதையின் முடிவில் ஓடக்காரன் அதே ஆற்றில் மூழ்கிப்போகிறான். நெட்டையன் அதை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"பழசுல அவன் செத்துடறான். என்கிட்ட சாக மாட்டான்" என்பான். "எவனாவது அவனை மூழ்கடிச்சா, நான் எங்க இருந்தாலும் வந்து உதைப்பேன், பாத்துக்க."

வந்து உதைக்கட்டும் என்றுதான் மூழ்கடித்தாள். உயிரோடு எங்கேயாவது இருந்தால் அவனால் இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு வார்த்தை எழுதுவான். திட்டியாவது எழுதுவான்.

காலையிலிருந்து அவன் திட்டு மட்டும் வரவில்லை.

*

வீட்டின் முன்னறை மாமியாரின் ஆல்ட்ரேஷன் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பையின் வார் அறுந்தால் தைத்துக் கொடுப்பது. காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகனின் கதையைப் பார்த்த பிறகுதான் முதல் துணியைத் தொடுவாள்.

அவளுக்கு அதில் ஒரு விளையாட்டு உண்டு. நெட்டையன் ஒவ்வோர் அத்தியாயத்திலும் எங்கேயாவது ஒரு குட்டி ஆமையை ஒளித்து வைப்பான். மரப்பொந்தில் இருக்கும், ராஜாவின் கிரீடத்துக்குப் பின்னால் இருக்கும். ஊரே கதையைப் படிக்க, அம்மாக்காரி ஆமையைத் தேடுவாள். அந்த ஆமையையும் மருமகள் விடாமல் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் டீ கொண்டுபோனபோது மாமியார் மெஷின்மேல் ஃபோனை வைத்துக் குனிந்திருந்தாள். இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, இங்க வா. உனக்கு இளங்கண்ணு. இதுல ஆமை எங்க இருக்குன்னு பாரு."

மருமகள் படத்தைப் பார்த்தாள். கொல்லும் அவசரத்தில் ஆமையை மறந்தே போயிருந்தாள்.

"எங்கயாவது இருக்கும் அத்தை. சின்னதா போட்டிருப்பார்."

"இல்ல. நாலு தடவை தேடிட்டேன். இல்ல." மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "அவனைச் சாகடிக்கவே மாட்டேன்னு சொன்னவன், சாகடிச்சுட்டான். எனக்குன்னு போடறதையும் போடல."

"கதைதான அத்தை. அடுத்த வாரம் எழுந்து வந்துடுவான்."

"செத்தவன் எப்படி எழுந்து வருவான்?"

இதுதான் நேரம், சொல்லிவிடு என்று மனசு முட்டியது. அதே நேரம் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது. அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"ஓடக்காரன் போனதிலேர்ந்து எங்க வீட்டுப் பொண்ணு சாப்பிடல. நீங்களே வந்து ஊட்டுங்க" என்று யாரோ ஒரு தகப்பன் எழுதியிருந்தார்.

*

பின்கட்டில் மாமனார் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கருகிப்போன தண்ணீர் மோட்டார்கள் அவரிடம் வரும். பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று சுற்றாக ஏற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். மகன் போனதிலிருந்து அந்த வேலையைப் பேச்சுக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருந்தார். வாய் முற்றிய அன்று, "நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று மகனைப் பார்த்துச் சொன்னவர் அவர். பிறகு அந்த வீட்டில் அவர் யாரையும் எதுவும் சொல்வதில்லை.

இன்று அவராகவே கூப்பிட்டார்.

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள்.

"அவனை ஏன் கொன்ன?"

மாமனார் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"சாயங்காலத்துல கதவைச் சாத்திக்கிட்டு நீ வரையறது எனக்குத் தெரியும். ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். உன் அத்தை ரெண்டு வேளை சாப்பிடறான்னு நானும் பேசாம இருந்துட்டேன். ஆனா இது எதுக்கு? அவ காலையிலேர்ந்து ஒரு துணியைத் தைக்கல."

சொன்னாள். ஸ்டேஷனில் கேட்டது, ஓடக்காரன், உதைப்பேன் என்று நெட்டையன் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டுக்கொண்டே வந்தவரின் கை நின்றுவிட்டது. நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். துருப்பிடித்த ஷட்டரை யாரோ ஒரு சாண் தூக்கினாற்போல அதில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப எழுதுவானா?"

"எழுதணும் மாமா."

"இதுவரைக்கும்?"

"இல்ல."

"பொழுது இருக்கு. அவன் எழுந்திருக்கறதே லேட்டாத்தான்." அவராகவே தலையை ஆட்டிக்கொண்டார். "அவ என்ன கேட்டாலும் இப்ப சொல்லாத. அவன் எழுதட்டும், சேத்துச் சொல்லிக்கலாம். எழுதினான்னா என்கிட்ட முதல்ல சொல்லு. என்னைத் திட்டி எழுதினாலும் பரவால்ல, சொல்லு."

கம்பி சுற்றுகிற கணக்கில் அவர் தப்பு விட்டு அவள் பார்த்ததில்லை. அன்று விட்டார். சுற்றியதை எல்லாம் அவிழ்த்து மறுபடி ஆரம்பித்தார்.

*

பகல் முழுக்க அவள் வசவு படித்தாள். ஒவ்வொன்றிலும் கணவனைத் தேடினாள். எந்தப் பெயரில் வருவான் என்று யார் கண்டது? சிரித்துக்கொண்டு திட்டுவானா, அழுதுகொண்டு திட்டுவானா என்றுகூட யோசித்தாள்.

பாறை என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். "இதை வரைஞ்சவரை நேர்ல பாத்தா உதைப்பேன்."

உதைப்பேன். நெட்டையனின் வார்த்தை. திரும்பத் திரும்ப அழித்து, ஒரே வார்த்தை எழுதினாள். "நீயா?"

பதில் வந்தது.

"மன்னிச்சுக்கங்க. நான் பல் டாக்டர். பேஷன்ட்டை உக்கார வச்சுட்டுக் கோவத்துல எழுதிட்டேன். அடிக்கற ஆள் எல்லாம் இல்ல."

சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பின்கட்டிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்ல மாமா."

"சரி சரி. பொழுது இருக்கு."

பொழுது சாய்கிறது என்பது அந்தக் குரலுக்கே தெரிந்திருந்தது.

*

பேன்ட் வாங்க வந்த ஒருத்தர் வாசலில் நின்று கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்னறையில் மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசியின் கீழே பாதி தைத்த பேன்ட் கால் தொங்கியது. டீ ஆடை படிந்து கிடந்தது. மாமியார் இல்லை.

"அம்மாவா? ரொம்ப நேரத்துக்கு முன்னாடியே பாத்தேனே" என்றார் அவர். "ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டு, பழைய கல் பாலத்துக்கு எந்த பஸ் போகும்னு கேட்டாங்க. வெறுங்காலோட போனாங்க. என் பேன்ட் முடிஞ்சுதான்னு கேக்க வாய் வரல."

கல் பாலம்.

மருமகள் ஃபோனை எடுத்து அத்தியாயத்தின் கடைசிப் படத்தைப் பார்த்தாள். கவிழ்ந்த படகு, சுழிக்கும் தண்ணீர், பின்னால் ஒரு பாலம். நெட்டையன் எந்த இடத்தையும் பார்த்து வரைய மாட்டான். எல்லாம் மனசிலிருந்து வரும். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு என்று வரைய உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரிந்த ஒரே தண்ணீர், பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரிகிற அந்தத் தண்ணீர்தான். அதனால் அந்தப் பாலத்தையே போட்டிருந்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு தூண் உடைந்திருப்பதையும், விளக்குக் கம்பம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருப்பதையும்கூட விடவில்லை.

ஆமையைத் தேடித் தேடிப் படத்தைப் பெரிதாக்கிய மாமியார், ஆமைக்குப் பதில் பாலத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். மகன் இடத்தைச் சொல்லிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள்.

"மாமா!" என்று அவள் போட்ட கூச்சலில் மாமனார் வார்னிஷ் கையோடு ஓடி வந்தார். பழைய ஸ்கூட்டரை அவர் உதைத்த உதையில் அது மறுபேச்சுப் பேசாமல் கிளம்பியது.

*

பாலத்தில் வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. உடைந்த தூணுக்குப் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு மாமியார் நின்றிருந்தாள். போகிற வருகிறவர்களிடம் ஃபோனிலிருந்த மகன் ஃபோட்டோவை நீட்டினாள். "என் புள்ளங்க. பாத்தீங்களா? ரொம்ப உயரமா இருப்பான்." சிலர் நின்று பார்த்தார்கள். சிலர் காசு கேட்கிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மருமகள் ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"அத்தை, வாங்க வீட்டுக்கு."

"விடு. இங்கதான் இருக்கான். இங்கதான்னு போட்டிருக்கான் பாரு. தண்ணியில ஆளை இறக்கித் தேடச் சொல்லணும். போலீஸுக்குச் சொல்லு. நேத்துதான வரைஞ்சிருப்பான்? நேத்துன்னா இன்னும் உசுரு இருக்கும்."

"அத்தை..."

"எதுக்கு நிக்கற? ஃபோன் போடுடி!"

அந்த மாமியார் அவளை அதுவரை டி போட்டுக் கூப்பிட்டதில்லை. மருமகள் மாமனாரைப் பார்த்தாள். சொல்லாதே என்று காலையில் கெஞ்சியவர் இப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

"அது அவர் வரைஞ்சதில்ல அத்தை. நான் வரைஞ்சது."

வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். விழுந்திருந்தது.

"இந்த வாரத்துது மட்டுமா?"

"இல்ல. அவர் போட்டு வச்சிருந்தது மூணு. அதுக்கப்புறம் எல்லாமே நான்."

"ஆமை?"

"அதுவும்."

மாமியார் தண்ணீரைப் பார்த்தாள். அறைவாள் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள். மாமியாரின் கை எழவே இல்லை.

"அப்ப அவன்கிட்டேர்ந்து ஒண்ணுமே வரல."

"வரல அத்தை."

"இத்தனை நாளா ஒண்ணுமே வரல."

மருமகள் தலையை ஆட்டினாள்.

"காலையில அவன் செத்துட்டான்னு நினைச்சேன்" என்றாள் மாமியார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் கேட்க முடியவில்லை. "அப்பகூட, போறப்ப அம்மாகிட்ட எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனான் பாருன்னு ஒரு சமாதானம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லன்னு ஆயிடுச்சு."

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று மருமகள் எந்த வாயால் சொல்வாள்? மாமனார் சுவரில் சாய்ந்து நின்றார். வார்னிஷ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாலத்தின் முனையில் ஒரு பஞ்சர் கடை. அதன் சொந்தக்காரர் ரொம்ப நேரமாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் டியூபோடு மெல்ல வந்தார்.

"அம்மா என்கிட்டயும் ஃபோட்டோ காட்டினாங்க. முகம் எனக்கு ஞாபகம் வரல. அதான் ஒண்ணும் சொல்லல." தயங்கினார். "ரொம்ப உயரமுன்னு இப்பதான் காதுல விழுந்துச்சு. எவ்வளவு உயரம் இருப்பாரு?"

மாமனார் தன் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

"மழை கொட்டின அன்னிக்கு நான் ஷட்டரை இறக்கறப்ப, நல்ல உயரமா ஒரு ஆளு இந்தச் சுவரோரமா நின்னாரு. குடைகூட இல்ல. உள்ள வந்து நில்லுங்கன்னு கூப்பிட்டேன். பரவால்லன்னு கை காட்டினாரு. நான் கிளம்பிட்டேன். மறுநாள் வந்து பாத்தா செருப்பு மட்டும் இருந்துச்சு. ஜோடியா, ஒழுங்கா கழட்டி வச்சாப்பல. யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு எடுத்து வச்சேன். போலீஸ்கூட வந்து கேக்கல."

போலீஸ்கூட வந்து கேட்கவில்லை. அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை, பாவம். மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் உள்ளே போய், பழைய டயர்களை நகர்த்தி, ஒரு ஜோடி செருப்பை எடுத்து வந்தார். தூசி படிந்திருந்தது. எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காத நீளம். "பெரிய சைஸுங்க. என் பையன் போட்டுப் பாத்தான், யாருக்கும் பொருந்தல. தூக்கிப் போடவும் மனசு வரல."

மாமியார் வாங்கிக்கொண்டாள். நேராகப் பார்க்கவில்லை. கவிழ்த்து, இடது செருப்பின் வாரை விரலால் தடவினாள். வார் அறுந்து, பள்ளிக்கூடப் பை தைக்கிற நீல நூலால் இழுத்துத் தைத்திருந்தது. இதைத் தைத்துக் கொடுத்த அன்று, "உன் காலுக்குச் செருப்பு தேடியே என் காலு தேஞ்சுடுச்சு, இன்னும் ஒரு வருஷம் இதை வச்சு ஓட்டு" என்று மகனைக் கிண்டல் பண்ணியிருந்தாள்.

"என் தையல்தான்" என்றாள்.

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கதை வருது, என் புள்ள நல்லா இருக்கான், நீங்க தேட வேணாம்னு போலீஸுக்குப் போய்ச் சொன்னது நான்" என்றாள் மாமியார், செருப்பைப் பார்த்தபடி. "நானே என் வாயால சொன்னேன்."

"அத்தை, நான்தான் அத்தை. நீங்க இல்ல. நான்தான்."

"நானேதான் போய்ச் சொன்னேன்."

மருமகளைக் குற்றம் சொல்லக்கூட அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதமும் மருமகள் எதற்கு அஞ்சிக்கொண்டிருந்தாளோ, அந்தத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை. செருப்பைப் புடவைத் தலைப்பில் சுற்றி, மாமியார் மடியோடு அணைத்துக்கொண்டாள். கீழே தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்த கம்பத்தில் விளக்கு எரிய ஆரம்பித்தது.

அப்போது மருமகளின் இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது.

காலையிலிருந்து அந்த அதிர்வில்தான் உயிரை வைத்திருந்தாள். இன்னொரு பல் டாக்டர், இன்னொரு சபதக்காரர் என்று இருந்துவிட்டாள். வசவு என்றால் ஒருமுறை அதிர்ந்து நின்றுவிடும். இது நிற்கவில்லை. விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள்.

தரையில் உட்கார்ந்திருந்த மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஷட்டர் மறுபடி ஒரு சாண் எழுந்தது.

"எடும்மா" என்றார்.

அவள் கை ஃபோன் வரைக்கும் போனது. பிறகு மாமியாரின் மடியிலிருந்த செருப்பு மூட்டையைப் பார்த்தாள். இனி இன்னொரு தடவை அந்த இரண்டு முகங்களிலும் வெளிச்சத்தைப் போட்டு அணைக்க அவளால் முடியாது. யார் என்றுகூடப் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"எடும்மா!"

அதிர்ந்து அதிர்ந்து, ஃபோன் தானாக அடங்கியது.